நோட்டு நிறைகிறது, சுகர் குறையவில்லை: வீட்டு குளுக்கோமீட்டர் பற்றி ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவன் இல்லை. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெடுப்பது எனக்குப் பழக்கம். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் மடக்கு மேசை போட்டு இலவசமாக சுகர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு 168. "கொஞ்சம் அதிகமா இருக்கு சார், டாக்டரைப் பாருங்க" என்று எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார் அந்தப் பையன். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை எடுக்கிறீர்கள், கை கழுவினீர்களா என்று எதுவும் கேட்கவில்லை. வெறும் வயிற்றில் 168 என்றால் அது நீரிழிவு வரம்பான 126-ஐத் தாண்டிய எண். பொங்கல் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 168 என்றால் பதற வேண்டிய எண்ணே இல்லை. நேரம் எழுதாத அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் எதுவும் சொல்ல முடியாது.

பெரியவர் சீட்டை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார். எனக்கு அப்பாவின் நோட்டு ஞாபகம் வந்தது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வியைப் பார்த்துவிடுவோம். வீட்டில் மீட்டர் வைத்துப் பார்ப்பதால் சுகர் உண்மையிலேயே குறைகிறதா?

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் விஷயத்தில் சந்தேகம் இல்லை. 1993-ல் வெளியான டி.சி.சி.டி. ஆய்வில் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேர் இருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவினர் தினம் நான்கு முறையாவது ரத்தம் சோதித்து, அதற்கேற்ப இன்சுலின் அளவை மாற்றினார்கள். அவர்களுடைய எச்பிஏ1சி 7-க்குப் பக்கத்தில் நின்றது, மற்றவர்களுக்கு 9. கண் பாதிப்பு இல்லாமல் ஆய்வில் சேர்ந்தவர்களுக்குப் புதிதாக விழித்திரைப் பாதிப்பு வரும் அபாயம் 76% குறைந்தது.

சிக்கல் மாத்திரையில் இருக்கும் இரண்டாம் வகைக்காரர்களிடம். அதாவது நம் வீட்டுப் பெரியவர்களில் பெரும்பாலானோரிடம். 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த டிஜெம் ஆய்வு 453 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இரண்டாவது பிரிவுக்கு மீட்டர். மூன்றாவது பிரிவுக்கு மீட்டரோடு எண்ணைப் புரிந்துகொள்ளும் பயிற்சியும் உண்டு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எச்பிஏ1சி-யில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2008-ல் வட அயர்லாந்தில் நடந்த எஸ்மான் ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 184 பேரில் மீட்டர் வைத்திருந்தவர்களுக்கு சுகரும் குறையவில்லை; மனச்சோர்வு மதிப்பெண் 6% கூடியிருந்தது. 2017-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் 450 பேரிடம் நடந்த மானிட்டர் ஆய்விலும் தினம் ஒருமுறை பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் 52 வார முடிவில் வேறுபாடு இல்லை.

இவற்றை "மேல்நாட்டு ஆய்வு, நமக்குப் பொருந்தாது" என்று தள்ளிவிட முடியாது. கவனமாகச் செய்த ஆய்வுகள். மீட்டர் கம்பெனி விளம்பரங்கள் சொல்லாத உண்மையை இவை சொல்கின்றன: மீட்டரை வாங்கிக் கையில் கொடுப்பதால் மட்டும் சுகர் குறையாது.

என் விமர்சனம் இவற்றின் முடிவு மீது இல்லை. அந்த முடிவை நாம் படிக்கும் விதத்தின் மீதுதான். டிஜெமில் ஆரம்பத்திலேயே சராசரி எச்பிஏ1சி 7.5. இறங்குவதற்கு அங்கே அதிக இடமே இல்லை. மானிட்டர் ஆய்வில் ஒரு நாளைக்கு ஒரே அளவீடு. எங்கள் தொழிலில் சர்வர் திணறுகிறது என்று புகார் வந்தால், தினமும் இரவு 3 மணிக்கு மட்டும் லோடு பார்த்துவிட்டு "எல்லாம் சரியா இருக்கே" என்று சொல்லுகிறவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திணறல் காலை 11 மணிக்கு.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். டி.சி.சி.டி.-யில் எண்ணைப் பார்த்ததும் இன்சுலின் அளவு மாறியது. மாத்திரைக்காரர் எண்ணைப் பார்த்து என்ன செய்வார்? டோஸ் அவர் கையில் இல்லை. டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு மாதம் இருக்கும். கவலைப்படலாம், அவ்வளவுதான். எஸ்மானில் மனச்சோர்வு கூடியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

டாக்டரும் எண்ணைப் படித்தால் என்ன ஆகும்? 2011-ல் டயாபடிஸ் கேர் இதழில் வந்த ஸ்டெப் ஆய்வு அதைப் பார்த்தது. இன்சுலின் எடுக்காத, சுகர் கட்டுக்குள் இல்லாத 483 பேர். ஒரு பிரிவினர் ஒவ்வொரு காலாண்டு சந்திப்புக்கும் முன் மூன்று நாள், நாளுக்கு ஏழு முறை பார்த்து (மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், பிறகு படுக்கும்போது) ஒரே தாளில் வரைபடமாக எடுத்துப் போனார்கள். டாக்டர்களுக்கும் அதைப் படிக்கப் பயிற்சி. முதல் மாதச் சந்திப்பிலேயே இவர்களில் 75.5% பேருக்கு சிகிச்சையில் மாற்றம் பரிந்துரைக்கப்பட்டது. மற்ற பிரிவில் 28%. ஒரு வருடத்தில் எச்பிஏ1சி இவர்களுக்கு 1.2 புள்ளி குறைந்தது, மற்றவர்களுக்கு 0.9. பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மீட்டர் விற்கும் ரோஷ் நிறுவனம் என்பதையும் மறைக்கக் கூடாது. எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 75.5-தான். டாக்டர் படிக்கிற மாதிரி எண்ணைக் கொடுத்தால் டாக்டர் ஏதாவது செய்கிறார்.

ஒரு என்ஜினியர்

வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் என்ஜினியர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன், அமெரிக்கர். 1946-ல், 12 வயதில் முதல் வகை நீரிழிவு வந்தது. அந்தக் காலத்தில் வீட்டில் சிறுநீர்ச் சோதனைதான். நம் ஊரிலும் பெனடிக்ட் திரவத்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்து, பச்சையா மஞ்சளா செங்கல் நிறமா என்று பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 1969-ல் ஏம்ஸ் கம்பெனியின் மீட்டர் விளம்பரத்தை அவர் பார்த்தார். மருத்துவமனைகளுக்கான கருவி, நோயாளிக்கு விற்க மாட்டார்கள். மனைவி டாக்டர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார். விலை சுமார் 650 டாலர்.

பெர்ன்ஸ்டைன் தினம் பலமுறை ரத்தம் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார்: சாப்பாடு, இன்சுலின் அளவு, நேரம். நாங்கள் பிழை தேடும் முறையும் அதேதான். அவர் எழுதிய கட்டுரைகளை மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை என்பதால் 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரானார். மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் அவருடைய உணவுமுறையை எல்லோருக்கும் நான் பரிந்துரைக்கத் தயாரில்லை. ஆனால் மீட்டரை எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்பாவின் நோட்டு

என் அப்பாவுக்கு 76 வயது. மயிலாப்பூரில் அம்மாவோடு இருக்கிறார். நான் அடையாறு. 2013-ல் பாண்டி பஜார் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மீட்டர் வாங்கிக் கொடுத்தேன். எப்படிக் குத்துவது, ஸ்ட்ரிப்பை எப்படிச் செருகுவது என்று காட்டினேன். எப்போது பார்ப்பது, பார்த்துவிட்டு என்ன செய்வது என்று சொல்லவில்லை. எனக்கே தெரியாது. பிள்ளை கடமையை முடித்துவிட்ட திருப்தியில் வந்துவிட்டேன்.

அப்பா வங்கியில் வேலை பார்த்தவர். நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் ஒன்றுவிட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்து, சிவப்பு மையில் தேதியும் நீல மையில் எண்ணும் எழுதுவார். பத்து வருடத்தில் மூன்று நோட்டு. ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் எடுத்துப் போவார். டாக்டர் கடைசிப் பக்கத்தைப் பார்த்து "ஃபாஸ்டிங் நல்லா இருக்கே" என்பார். வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள். நான்கு நிமிடத்தில் அவர் வேறென்ன செய்ய முடியும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கோபம்தான் வந்தது.

2023 பிப்ரவரியில் எச்பிஏ1சி 8.6. இரவு மாத்திரையின் டோஸ் இரட்டிப்பாக்கப்பட்டது. கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் வகை மாத்திரை அது. அடுத்த இரண்டு வாரம் நோட்டில் உள்ள எண்கள் இவை: 121, 112, 104, 98, 93, 86, 79.

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நான் போயிருந்தபோது நோட்டைத் திருப்பிக் காட்டினார். "ரொம்ப நாளைக்கப்புறம் நூறுக்குக் கீழ வந்திருக்கு, பாருடா." நானும் பார்த்தேன். "சூப்பர்ப்பா" என்றேன்.

மூன்றாவது நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா போன் பண்ணினாள். "அப்பா ஒரு மாதிரி பேசறாருடா. சட்டையெல்லாம் தெப்பலா நனைஞ்சிருக்கு." மீட்டரில் பார்க்கச் சொன்னேன். 52. நினைவு இருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று கேட்டுக்கொண்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது 88. இந்த வகை மாத்திரையால் வரும் தாழ்சர்க்கரை மறுபடியும் இறங்கும் என்பதால் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஒரு நாள் வைத்திருந்தோம். பிழைத்தார்.

மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். ஏழு எண்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கீழே. இப்படி ஒரு வரைபடம் ஆபீசில் என் திரையில் வந்திருந்தால் அரைமணியில் ஆளைக் கூப்பிட்டிருப்பேன். மீட்டர் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. படிக்க வேண்டிய மூன்று பேரில் ஒருவர் சந்தோஷப்பட்டார். ஒருவர் பார்க்கவே இல்லை. ஒருவன் "சூப்பர்ப்பா" என்றான்.

அந்த வாரம் மூன்று நோட்டையும் எக்செல்லில் ஏற்றினேன். 1,870 பதிவுகள். அதில் 1,812 காலை வெறும் வயிறு. டோஸ் கூட்டுவதற்கு முந்தைய மூன்று மாதங்களின் சராசரி 124. எச்பிஏ1சி-யைச் சராசரி சுகராக மாற்ற ஒரு சமன்பாடு இருக்கிறது: 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழிக்க வேண்டும். 8.6-க்கு 200 வருகிறது. நோட்டு 124 என்கிறது, ரத்தம் 200 என்கிறது. ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தவறாகக் காட்டலாம். அப்பாவுக்கு ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தது. அப்படியானால் சுகர் ஏறும் நேரம் எதுவோ, அந்த நேரத்தில் அப்பா பார்க்கவே இல்லை. பத்து வருடமாக. அந்த ஏற்றத்தை அடக்க இரவு மாத்திரையைக் கூட்டினார்கள். அது ஏற்கெனவே சரியாக இருந்த இரவைப் போய் அடித்தது.

உடம்பு தேறியதும் மூன்று நாள் ஏழு முறை கணக்கில் பார்த்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் 190, 200. இரவு டிபனுக்குப் பின்னும் ஏறக்குறைய அதுவே. காலை டிபனுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 268, 274, 259. டிபன் என்றால் இரண்டு இட்லி, ஒரு பெரிய டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி. சுகருக்கு நல்லது என்று யாரோ சொல்லி அம்மா வருடக்கணக்காகப் போட்டுக் கொடுத்த கஞ்சி. கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்துச் சீக்கிரம் ஏறும். கஞ்சியை நிறுத்திவிட்டு அதே இரண்டு இட்லியோடு சுண்டல் சேர்த்து மூன்று நாள் பார்த்தோம்: 205, 198, 211. அம்மாவுக்குத்தான் வருத்தம். "இத்தனை வருஷமா நானா கெடுத்தேன்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரே ஒரு தாளாக்கி டாக்டரிடம் கொடுத்தேன். இரண்டு நிமிடம் பார்த்தார். இரவு மாத்திரையைப் பழைய அளவுக்கும் கீழே குறைத்து, காலைச் சாப்பாட்டோடு வேறொரு மாத்திரை எழுதினார். நான்கு மாதம் கழித்து எச்பிஏ1சி 7.5. இந்த வயதுக்கு அது போதும் என்றார். இதில் கஞ்சிக்கு எவ்வளவு, புது மாத்திரைக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஒரே ஆள், இரண்டு மாற்றம். ஆய்வு என்று இதைச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

எண்ணை எவ்வளவு நம்பலாம்

வீட்டு மீட்டருக்கான ஐ.எஸ்.ஓ. 15197:2013 தரம் கேட்பது இதுதான்: ஆய்வகத்தில் 100-க்குக் கீழே உள்ள அளவு என்றால் மீட்டர் காட்டுவது 15 கூடவோ குறையவோ இருக்கலாம், 100-உம் அதற்கு மேலும் என்றால் 15% வரை. அதுவும் 95% அளவீடுகளில்தான். உண்மையில் 150 இருப்பவருக்கு 128-உம் வரலாம், 172-உம் வரலாம், மீட்டர் தரமானதாக இருந்தும். எங்கள் வீட்டில் நேற்று 138, இன்று 152 என்பதற்காகப் பேத்தியின் பிறந்தநாளில் ஒரு ஸ்பூன் பாயசம்கூடச் சாப்பிடாமல் அப்பா எழுந்து போயிருக்கிறார். அந்த 14-க்கு எந்த அர்த்தமும் இல்லை. அதனால்தான் கஞ்சியை மூன்று நாள் பார்த்தோம். அறுபது, எழுபது வித்தியாசம் மூன்று முறையும் ஒரே பக்கம் வந்தால் நம்பலாம்.

கை கழுவுவது சம்பிரதாயம் இல்லை. ஜப்பானில் செய்த ஒரு சிறு ஆய்வில், பழம் உரித்த கையோடு விரலில் குத்தினால் சுகர் பொய்யாக எகிறியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் சரியாகவில்லை. குழாயில் கழுவிய பிறகே சரியான எண் வந்தது. மாம்பழ சீசனில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப்பில் இருப்பது ஒரு நொதி. ஈரமும் சூடும் அதைக் கெடுக்கும். பெரும்பாலான டப்பாக்களில் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கும். மே மாதச் சென்னையில் அடுப்படி அலமாரி அதற்குத் தோதான இடம் கிடையாது. ஸ்ட்ரிப்பை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளாமல், அதன் டப்பாவிலேயே மூடி வையுங்கள். ஈரத்தை உறிஞ்சும் பொருள் அதில்தான் இருக்கிறது.

நம் ஊர்க் கணக்கு

கோபாலபுரத்து டாக்டர் வி. மோகன், ஆர்.எம். அஞ்சனா ஆகியோரின் குழு ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து செய்த இண்டியாப் ஆய்வு 2023-ல் சொன்ன 10.1 கோடி நீரிழிவாளர்கள் என்ற எண் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதே ஆய்வின் 2022-ஆம் வருடக் கட்டுரை ஒன்று அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. நீரிழிவு இருப்பது தெரிந்தவர்களில் எச்பிஏ1சி கட்டுக்குள் இருந்தது 36.3% பேருக்கு. வீட்டில் மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் 16.7%. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து "எல்லோருக்கும் மீட்டர் கொடுத்தால் சரியாகிவிடும்" என்று முடிவு கட்டுவது சுலபம். டிஜெமைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எழும்பூரிலிருந்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழி காட்டுகிறது. நீரிழிவு வரும் நிலையில் இருந்த 537 ஆண்களில் பாதிப் பேருக்குச் சாப்பாடு, நடை பற்றி செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் அவர்களில் 18% பேருக்கு நீரிழிவு வந்தது. செய்தி வராதவர்களில் 27%. அங்கே ரத்தம் குத்தும் கருவி கிடையாது. இப்போது என்ன செய்வது என்று சொல்ல ஒரு ஆள் இருந்தது.

ஆகவே என் யோசனை இவ்வளவே. மாத்திரையில், கட்டுக்குள், தாழ்சர்க்கரை பயமில்லாமல் இருப்பவர் தினம் காலையில் குத்திக்கொள்வதை நிறுத்தலாமா என்று டாக்டரைக் கேட்கட்டும். அந்த ஸ்ட்ரிப்புகளைச் சேர்த்து வைத்து, டாக்டரைப் பார்க்கும் முன் மூன்று நாள் ஏழு முறை பார்க்கட்டும். 21 ஸ்ட்ரிப்; என் கடை விலையில் நானூறு ரூபாய்ச் சொச்சம். எண்ணோடு நேரமும் சாப்பிட்டதும் எழுதி, ஒரே தாளில் கொண்டுபோகட்டும். மாத்திரையோ இன்சுலினோ மாற்றிய இரண்டு மூன்று வாரம் மட்டும் கூடுதல் கவனம்; எண்கள் வரிசையாக இறங்கினால் 70-ஐத் தொடும்வரை காத்திருக்காமல் போன் செய்யட்டும்.

அப்பா இப்போது நான்காவது நோட்டில் இருக்கிறார். நான் கோடு போட்டு ஒரு பத்தி சேர்த்தேன்: 'அதனால் என்ன செய்தோம்?' முதலில் முணுமுணுத்தார். போன வாரம் பார்த்தேன். இரவு சாப்பாட்டுக்குப் பின் 221 என்று எழுதி, பக்கத்துப் பத்தியில் குட்டி எழுத்தில் 'கல்யாண வீடு. ஜாங்கிரி இரண்டு. ஒன்றும் செய்யவில்லை' என்று போட்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பதிவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருந்தது.